வீட்டு இணையத்துக்கு ஓர் ஆளி

"சுவிட்ச் ஒன்று வாங்க வேண்டும் வாப்பா" என்று நான் சொன்னபோது வாப்பா சுவரைத்தான் பார்த்தார். "ஏன், வீட்டில ஈக்கிற சுவிட்ச் போதாதா மகள்? எது உடைஞ்சி?" என்று கேட்டார். அவர் மீது பிழை இல்லை. மின்குமிழை எரிய வைப்பதும் சுவிட்ச், கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சிறிய பெட்டியும் சுவிட்ச். எங்கள் பாடநூலைத் திறந்து காட்டலாம் என்றால் அதிலும் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்: ஆளி. விஞ்ஞானப் பாடத்தில் மின்சுற்றை மூடித் திறப்பதும் ஆளி, தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் வலையமைப்பின் நடுவே இருப்பதும் ஆளி. இந்தக் கட்டுரை இரண்டாவது ஆளியைப் பற்றியது. கடைக்குப் போனால் 'நெட்வேர்க் சுவிட்ச்' என்று கேளுங்கள். 'ஆளி' என்று கேட்டால் உங்களை வன்பொருட் கடைக்கு அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் பைபர் கம்பி வீதிக் கம்பத்திலிருந்து முன்சுவர் வழியாக வருகிறது. ஆகவே ரவுட்டரும் முன் ஹோலிலேயே பொருத்தப்பட்டது. உங்களில் பலர் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் ஹோல் படிக்கும் இடமல்ல. வாப்பாவைப் பார்க்க ஆட்கள் வருவார்கள், டீவி இருக்கும், தம்பியின் கூட்டாளிமார் இருப்பார்கள். ராத்தாவும் நானும் படிப்பது மாடியில், வீட்டின் பின்பக்க அறையில். இடையில் ஒரு கொங்கிரீட் தட்டும் இரண்டு சீமெந்துச் சுவர்களும். இணையம் எங்களிடம் வந்து சேரும்போது களைத்துப் போய்விடும்.

ராத்தா வெளிவாரிப் பட்டப் படிப்பைத் தொடர்கிறார். ஒரு நாள் நிகழ்நிலையில் வாய்மொழிப் பரீட்சை நடந்தபோது, அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்க, திரையில் விரிவுரையாளரின் முகம் உறைந்து நின்றது. ராத்தாவுக்கோ அது தெரியவில்லை. இரண்டு நிமிடம் யாரும் கேட்காத பதிலைச் சொல்லி முடித்தார். பரீட்சகர் நல்லவர், மறுபடி கேட்டார். அடுத்த பரீட்சை நேரக் கணக்குடன் கூடிய எழுத்துப் பரீட்சை. அதில் மறுபடி கேட்க ஆள் இருக்காது.

முதலில் வாப்பா நினைத்தது இணையப் பெக்கேஜைக் கூட்டலாம் என்றுதான். மாதா மாதம் கூடுதலாகக் கட்ட வேண்டிய பணம். அதற்கு முன் நான் ஒரு சோதனை செய்தேன். யார் வீட்டிலும் இதைச் செய்யலாம், செலவே இல்லை. மடிக்கணினியை ரவுட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஒரு சிறிய கேபிளால் நேராக இணைத்து வேகத்தை அளந்தேன். எங்கள் பெக்கேஜ் செக்கனுக்கு 100 மெகாபிட். காட்டியது 94. பிறகு கேபிளைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் வை-பையில் அளந்தேன்: கிட்டத்தட்ட அதே அளவு. பிறகு மாடி அறைக்குப் போய் அளந்தேன்: 7. சில நேரம் 3.

அப்படியென்றால் கொம்பனி தருவதைத் தந்துகொண்டுதான் இருக்கிறது. வாசல்வரை வந்த தண்ணீர் மாடிக்கு ஏறவில்லை. வாசலில் குழாயைப் பெரிதாக்கி என்ன பயன்? நீங்கள் அளக்கும்போது ரவுட்டருக்குப் பக்கத்தில் கேபிளிலேயே வேகம் குறைவாக இருந்தால், சுவிட்ச் வாங்க வேண்டாம். சேவை தருபவரிடம்தான் பேச வேண்டும். சுவிட்ச் இணையத்தை உற்பத்தி செய்யாது. வந்ததைச் சிந்தாமல் சேர்க்கும், அவ்வளவுதான்.

வை-பை ஏன் இப்படிச் சோர்கிறது? அது வானொலி அலை. சுவர் அதை உறிஞ்சும், இரும்புக் கம்பி வைத்த கொங்கிரீட் தட்டு இன்னும் கூடுதலாக. அதோடு ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். வீட்டில் ஐந்து கைபேசி, ஒரு டீவி, அயல் வீட்டாரின் ரவுட்டர்கள் எல்லாம் முறைக்காகக் காத்திருக்கின்றன. தூரத்தில் இருப்பவருக்குச் சமிக்ஞை பலவீனம் என்பதால் அவர் மெதுவாகப் பேச வேண்டியிருக்கிறது, அவருடைய முறையும் நீளுகிறது. கேபிளில் இந்தத் தொல்லை இல்லை. ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடியும். வேகத்தைவிடப் பெரிய நன்மை அதன் சீரான தன்மை. சூம் வகுப்புக்குப் பெரிய வேகம் தேவையில்லை, நடுவில் அறுந்து போகாமல் இருந்தால் போதும்.

ஆகவே மாடிக்கு ஒரு கேபிள் இழுப்பது என்று முடிவாயிற்று. அப்போதுதான் சுவிட்ச் பற்றிய பேச்சு வந்தது. மாடியில் ராத்தாவின் மடிக்கணினி, என்னுடைய பழைய கணினி, அச்சுப்பொறி என்று மூன்று இருக்கின்றன. மூன்று கேபிள் இழுப்பதா? ஒன்றை இழுத்து, மேலே ஒரு சுவிட்சை வைத்து, அதிலிருந்து மூன்றாகப் பிரிப்பதா? இரண்டாவதுதான் மலிவு. சுவரும் அசிங்கமாகாது. உங்கள் கணினி ரவுட்டருக்குப் பக்கத்திலேயே இருந்து, ரவுட்டரின் பின்புறம் வெறும் போர்ட்களும் இருந்தால், உங்களுக்குச் சுவிட்ச் தேவையே இல்லை. அநேகமான வீட்டு ரவுட்டர்களின் பின்னால் நான்கு போர்ட் இருக்கும். அந்த நான்கும் உள்ளே ஒரு சிறிய சுவிட்ச்தான்.

சுவிட்ச் என்ன செய்கிறது என்பதை எங்கள் கல்லூரியைக் கொண்டே விளக்கலாம். அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வருகிறது. ஒருவர் முற்றத்தில் நின்று முழுக் கல்லூரிக்கும் கேட்கும்படி அதை வாசித்தால், உரியவரும் கேட்பார், உரிமையற்ற எழுநூறு பேரும் கேட்பார்கள். அந்த நேரத்தில் வேறு யாரும் வேறு கடிதம் வாசிக்க முடியாது. முன்னாளில் இருந்த 'ஹப்' என்ற பெட்டி அப்படித்தான் வேலை செய்தது. சுவிட்ச், கடிதத்தை உரிய வகுப்பறைக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் அலுவலக உதவியாளர். யார் எந்த வகுப்பில் இருக்கிறார் என்பதை அவர் எப்படி அறிந்தார்? யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு கருவிக்கும் 48 பிட் நீளமான ஒரு முகவரி உண்டு, அதை மெக் முகவரி என்பர். ஒரு போர்ட்டிலிருந்து செய்தி வரும்போது அனுப்பியவரின் முகவரியைச் சுவிட்ச் பார்க்கிறது. 'இவர் மூன்றாம் போர்ட்டில் இருக்கிறார்' என்று தன் அட்டவணையில் எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை அவருக்கு ஏதும் வந்தால் மூன்றாம் போர்ட்டுக்கு மட்டும் அனுப்புகிறது. தெரியாத முகவரி வந்தால் மட்டும் எல்லா வாசலிலும் கேட்கிறது. பதில் வந்ததும் அதையும் எழுதிக்கொள்கிறது. மின்சாரம் கொடுத்த சில கணங்களில் இதையெல்லாம் தானாகவே படித்துவிடும்.

இந்தக் கேபிள் முறைக்கு ஈதர்நெட் என்று பெயர். 1973 இல் அமெரிக்காவின் சீரொக்ஸ் ஆய்வு நிலையத்தில் ரொபட் மெட்காஃப், டேவிட் பொக்ஸ் ஆகியோர் இதை உருவாக்கத் தொடங்கினார்கள். அப்போது எல்லாக் கணினிகளும் ஒரே தடித்த கம்பியைப் பகிர்ந்துகொண்டன. பல போர்ட்களைக் கொண்ட முதல் ஈதர்நெட் சுவிட்ச் 1990 அளவில்தான் சந்தைக்கு வந்தது. ஏழு போர்ட் கொண்ட அதைச் செய்த நிறுவனத்தின் பெயர் கல்பனா. ஆம், நம் பக்கத்துப் பெயர்தான். நிறுவனர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ் இந்திய வம்சாவளியினர். தன் மனைவியின் பெயரையே நிறுவனத்துக்கு வைத்தார். கல்பனா என்றால் கற்பனை. 1994 இல் சிஸ்கோ அந்நிறுவனத்தை வாங்கிவிட்டது, பெயரும் மறைந்துபோனது.

இனிக் கடைக்குப் போவோம். பெட்டிகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். கடைக்காரரும் "எல்லாம் ஒன்றுதான், இது கொஞ்சம் மலிவு" என்பார். ஒன்றல்ல. பெட்டியில் '10/100' என்று மட்டும் இருந்தால் அது செக்கனுக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் போகாது. '10/100/1000' என்றோ 'கிகாபிட்' என்றோ இருந்தால் 1000 மெகாபிட்.

எங்கள் பெக்கேஜே 100 தானே, 100 சுவிட்ச் போதாதா என்று வாப்பா கேட்டார். நியாயமான கேள்வி. இணையத்துக்கு மட்டும் என்றால் கிட்டத்தட்டப் போதும். ஆனால் வீட்டுக்குள்ளேயே கணினிக்குக் கணினி கோப்புகள் போகும். பெரிய ராத்தாவின் கலியாண வீடியோ 40 கிகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதை மறக்கக்கூடாது, பெக்கேஜ் விளம்பரம் பிட்டில் பேசும், கோப்பு பைட்டில் பேசும். 100 மெகாபிட் வழியில் நடைமுறையில் செக்கனுக்குச் சுமார் 12 மெகாபைட் போகும். அந்த வீடியோவை வாப்பாவின் கணினியிலிருந்து மாடிக்கு அனுப்ப ஏறக்குறைய 55 நிமிடம் வேண்டும். கிகாபிட் வழியில், டிஸ்க் ஈடுகொடுத்தால், ஆறு நிமிடம். நாளைக்குப் பெக்கேஜைக் கூட்டினாலும் 100 சுவிட்ச் அங்கேயே நின்றுவிடும், கிகாபிட் நிற்காது. இரண்டுக்கும் விலையில் உள்ள வித்தியாசம் பெரிதல்ல. விலையை இங்கே எழுதவில்லை, டொலர் ஏறி இறங்க இந்த இதழ் அச்சாகி வருவதற்குள் மாறிவிடும். என் கருத்து கிகாபிட்டையே வாங்குங்கள் என்பதுதான்.

ஆனால் சுவிட்ச் மட்டும் கிகாபிட்டாக இருந்து பயனில்லை. வழியில் ஓரிடம் 100 என்றால் முழு வழியும் 100 தான். சில ரவுட்டர்களில் நான்கு போர்ட்டில் ஒன்று மட்டும் கிகாபிட்டாக இருக்கும், பின்புறம் உற்றுப் பார்த்தால் எழுதியிருப்பார்கள். சுவிட்சிலிருந்து வரும் கேபிளை அதில் குத்துங்கள். மெல்லிய மடிக்கணினிகளில் கேபிள் போர்ட்டே இருக்காது. யூஎஸ்பியில் குத்தும் ஒரு சிறிய அடப்டர் வாங்க வேண்டும். அதிலும் யூஎஸ்பி 2.0 என்றால் கிகாபிட் வேகம் வராது, 3.0 என்று பார்த்து வாங்குங்கள்.

போர்ட் எத்தனை? ஐந்து போர்ட் சுவிட்சில் கருவிகளுக்குக் கிடைப்பது நான்குதான், ஒன்று ரவுட்டருக்குப் போகும் கேபிளுக்கு. இதை மறந்துவிட்டு நான்கு கருவிக்கு நான்கு போர்ட் என்று கணக்குப் போட்டால் ஏமாறுவீர்கள். எங்களுக்கு மூன்று கருவிகள், ஆகவே ஐந்து போர்ட் போதும் என்று வாங்கினோம். இப்போது நினைத்தால் எட்டு வாங்கியிருக்கலாம். ஏன் என்பது பின்னால் வரும்.

பெட்டியில் 'சுவிட்சிங் கொள்ளளவு' என்று ஒரு எண் இருக்கும். அதைச் சரிபார்க்கப் பெருக்கல் தெரிந்தால் போதும். ஐந்து போர்ட், ஒவ்வொன்றும் 1 கிகாபிட், போகவும் வரவும் என்பதால் இரண்டால் பெருக்க, 10 கிகாபிட். எட்டுப் போர்ட்டுக்கு 16. பெட்டியில் அந்த எண்ணே இருந்தால் எல்லாப் போர்ட்டும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இயங்கலாம்.

'மெனேஜ்ட்' என்று எழுதிய விலை கூடிய வகை அலுவலகங்களுக்கானது. அதற்குள் நுழைந்து பல அமைப்புகளை மாற்றலாம். வீட்டுக்கு 'அன்மெனேஜ்ட்' போதும். குத்தினால் வேலை செய்யும், கடவுச்சொல் இல்லை. 'பிஓஈ' என்பது கேபிள் வழியாகவே மின்சாரமும் அனுப்பும் வசதி. கெமராக்கள் பூட்டுபவர்களுக்கு நல்லது, மற்றவர்களுக்கு வீண் செலவு. விசிறி இல்லாத சிறிய வகையே வீட்டுக்கு வரும், ஆகவே சத்தம் இல்லை. உத்தரவாத அட்டையில் கடையின் முத்திரையும் திகதியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டில் பழைய ரவுட்டர் ஒன்று அலுமாரிக்கு மேல் தூசி பிடித்துக் கிடக்கிறதா? பணம் செலவழிக்க முன் அதைச் சோதித்துப் பாருங்கள். அதன் அமைப்புகளுக்குள் போய், முகவரி வழங்கும் 'டிஎச்சிபி' என்ற வசதியை நிறுத்திவிட்டு, அதன் சொந்த முகவரியைப் புதிய ரவுட்டரின் முகவரியோடு மோதாதபடி மாற்றிவிட்டு, பின்னாலுள்ள லேன் போர்ட்களை மட்டும் பயன்படுத்தினால் அது ஒரு சுவிட்சாக வேலை செய்யும். டிஎச்சிபியை நிறுத்த மறந்தால் வீட்டில் இரண்டு பேர் முகவரி வழங்கத் தொடங்கி, இணையம் குழம்பிவிடும். அநேகமான பழைய ரவுட்டர்கள் 100 வேகம்தான். ஆனால் அதன் வை-பையையும் போட்டுவிட்டால் மாடியில் கைபேசிகளுக்கும் நல்ல சமிக்ஞை கிடைக்கும். எங்கள் பழைய ரவுட்டரை நாங்கள் இறுதியில் இதற்காகவே சுவிட்சின் நான்காம் போர்ட்டில் இணைத்தோம். எல்லாப் போர்ட்டும் முடிந்துபோனது. இதனால்தான் எட்டுப் போர்ட் என்றேன்.

நாங்கள் தவறியது சுவிட்சில் அல்ல, கேபிளில். ஒரு கடையில் மீற்றர் கணக்கில் மிக மலிவாக வெட்டித் தந்தார்கள். 18 மீற்றர் வாங்கினோம். இரண்டு முனைக்கும் பிளக் அடித்துத் தந்ததும் அவர்களே. குத்திப் பார்த்தால் சுவிட்சில் கிகாபிட்டுக்கான விளக்கு எரியவில்லை, 100 க்கான விளக்குதான் எரிந்தது. காரணம் பிறகு விளங்கியது. கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் உண்டு, இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு சோடிகள். 100 மெகாபிட்டுக்கு இரண்டு சோடி போதும். கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். எங்கள் பிளக்கில் ஒரு கம்பி சரியாகப் பதியவில்லை. கருவி கெட்டுப்போகாது, பிழை என்று சொல்லவும் மாட்டாது, அமைதியாக மெதுவாகிவிடும். விளக்கின் நிறத்தைப் பார்க்காவிட்டால் எங்களுக்கும் தெரிந்திருக்காது. எந்த நிறம் எதைக் குறிக்கும் என்பது சுவிட்சுக்குச் சுவிட்ச் வேறுபடும், பெட்டிக்குள் உள்ள தாளைப் பாருங்கள்.

வெட்டிப் பார்த்தால் கம்பியும் முழுச் செம்பு அல்ல, அலுமினியத்துக்குச் செம்பு பூசியது. வளைத்தால் சீக்கிரம் உடையும், மின்தடையும் கூட. 'கெட் 5ஈ' அல்லது 'கெட் 6', முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். கெட் 5ஈ 100 மீற்றர் தூரத்துக்குக் கிகாபிட்டைத் தாங்கும், அவ்வளவு நீளமான வீடு நம்மில் யாருக்கும் இல்லை. கேபிளை மின்சார வயர் போகும் அதே கேசிங்குக்குள் விட வேண்டாம். அது இடையூறும் ஆபத்தும். கதவிடுக்கில் நசுங்கவும் விடாதீர்கள்.

எல்லாம் சரியாகி ஒரு கிழமை சென்றது. ராத்தாவின் எழுத்துப் பரீட்சைக்கு முந்திய இரவு, எட்டு மணியளவில், வீட்டு இணையம் முழுவதும் நின்றது. மாடியில் மட்டுமல்ல, ஹோலிலும் இல்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டோம், பயனில்லை. சேவை நிலையத்துக்கு அழைத்தால் இணைப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். ராத்தா மேசையில் தலை சாய்த்துவிட்டார். நான் சுவிட்சைப் பார்த்தேன். எல்லா விளக்கும் பைத்தியம் பிடித்தது போல ஒன்றாகத் துடித்துக்கொண்டிருந்தன.

தம்பி மேலே வந்திருக்கிறான். அச்சுப்பொறிக் கேபிளின் ஒரு முனை கழன்று தொங்கியிருக்கிறது. "ஓட்டை சும்மா ஈந்திச்சி, அதில குத்தினேன்" என்றான். பழைய ரவுட்டரை இணைக்க முன் நடந்த கதை இது, அப்போது நான்காம் போர்ட் வெறுமையாக இருந்தது. கேபிளின் இரண்டு முனையும் ஒரே சுவிட்சில்! எல்லோருக்கும் என்று வரும் ஒரு செய்தியைச் சுவிட்ச் எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பும். அது வளையத்தில் சுற்றித் திரும்பி வரும். புதிதாக வந்தது என்று நினைத்து மறுபடி எல்லோருக்கும் அனுப்பும். கணப் பொழுதில் இலட்சக்கணக்கில் பெருகி வேறு எதற்கும் இடமில்லாமல் போய்விடும். கேபிளைப் பிடுங்கினேன். சில செக்கன்களில் எல்லாம் வழமைக்கு வந்தது. மறுநாள் ராத்தா மூன்று மணித்தியாலப் பரீட்சையை ஒரு தடங்கலும் இன்றி எழுதி முடித்தார்.

இந்த வளையப் பிரச்சினைக்குத் தீர்வு கண்டவர் ஒரு பெண் என்பதை அதன் பிறகு தேடிப் படித்தபோது அறிந்தேன். ரேடியா பேர்ள்மன். 1980 களில் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மன்ட் நிறுவனத்தில் பணிபுரிந்தார். கேபிள்கள் எப்படி வளையமாக இணைந்திருந்தாலும், கருவிகள் தமக்குள் பேசி, வளையமில்லாத ஒரு மரத்தின் கிளைகளைப் போல வழியை அமைத்துக்கொண்டு, மீதி வழிகளை மூடிவைக்கும் முறையை அவர் வகுத்தார். மேலதிகாரி விடுமுறையில் போயிருந்த ஒரு வாரத்தில், முதல் இரண்டு நாட்களிலேயே அதன் விவரக்குறிப்பை எழுதி முடித்துவிட்டு, மிஞ்சிய நாட்களில் அந்த முறையைப் பற்றி ஒரு கவிதை எழுதினாராம். அவரே சொல்லியிருக்கிறார். 1985 இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் சுருக்கம் வர வேண்டிய இடத்தில் அந்தக் கவிதைதான் இருக்கிறது. கணிதப் பிரிவுக்கும் கலைப் பிரிவுக்கும் நடுவே மதில் எழுப்புகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

விலை குறைந்த வீட்டுச் சுவிட்ச்களில் பெரும்பாலும் இந்த வசதி இருக்காது. சிலவற்றில் 'லூப்' கண்டுபிடிக்கும் வசதி என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு அது கொஞ்சம் கூடுதல் விலைக்குத் தகும். எங்களிடம் அது இல்லை. கேபிள் முனைகளில் வெள்ளை ஒட்டுத்தாளில் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

இன்னொன்று இடி மின்னல். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடிக்கும்போது டீவி பிளக்கைக் கழற்றுவோம், ஆனால் ரவுட்டரையும் சுவிட்சையும் மறந்துவிடுவோம். மின்சாரப் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது. செம்புக் கேபிளும் மின்னலின் அதிர்ச்சியைச் சுமந்து வரும். நீண்ட கேபிள் ஒன்று வீட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடுமானால் அதையும் இரு பக்கமும் கழற்றிவிட வேண்டும். இடி தொடங்கிய பிறகல்ல, வானம் கறுக்கும்போதே.

சுவிட்சுக்கும் மின்குமிழ் ஆளிக்கும் வித்தியாசம் கேட்ட வீட்டில் இப்போது மழை இருட்டினால் உம்மா குசினியிலிருந்து குரல் கொடுக்கிறார்: "மேலே ஈக்கிற வயரக் கழட்டியாச்சா மகள்?"